கதவடி இல்லாமல் ஒலித்த பாட்டு

நான் பிறவிக் கவலைக்காரி. கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிற ரகம். இந்தக் குணத்தோடு வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டி ஓய்வு பெற்றேன். டேப் ஓடுகிறதா என்று பார்த்த அளவுக்கு என் பிள்ளைகள் படிக்கிறார்களா என்று நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

சில வாரங்களுக்கு முன் நிலையத்திலிருந்து திவ்யா போன் செய்தாள். நான் இருந்த இடத்தில் இப்போது அவள் இருக்கிறாள். கெட்டிக்காரப் பெண்.

"மேடம், அந்த ஜவ்வாது மலைப் பாட்ட வச்சு ஒரு புரோகிராம் பண்றோம். ஒரே பாட்ட யார் யார் எப்படி எப்படிப் பாடியிருக்காங்கன்னு. கேசட்டு, சினிமா, இப்ப போன்ல சுத்துற கிட்டார் பாட்டு, எல்லாம் வருது. மொதல்ல நீங்க ரெக்கார்ட் பண்ணது. ஆனா அதுல முடிவே இல்லையே மேடம்?"

"இல்லம்மா."

"அதான் நாங்களே முடிச்சிட்டோம். கடைசி அடிய வேற ஒரு அம்மா பாடின துண்டு லைப்ரரில இருந்துச்சு. அத நீங்க ரெக்கார்ட் பண்ண உண்ணாமலை அம்மா குரலுக்குக் கம்ப்யூட்டர்ல மாத்திட்டோம். அவங்களே பாடின மாதிரி இருக்கு. நீங்களே கண்டுபிடிக்க மாட்டீங்க. ஞாயித்துக்கிழமை போடறோம்."

"சனிக்கிழமை வரைக்கும் டைம் குடும்மா, நான் ஒருத்தரக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். யாரை என்று அவள் கேட்டாள். அந்தக் கதையை அப்போது போனில் சொல்ல முடியவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, எழுதிக் கொடுங்கள் என்று அவளே கேட்டாள். அதனால்தான் இது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சந்தவாசலில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் வீட்டில் பிறந்தவள், டிப்ளமோ முடித்தேன், பரீட்சை எழுதினேன், வேலை கிடைத்தது. வயர் சுற்றக் கற்றுக்கொண்டேன், திட்டு வாங்கக் கற்றுக்கொண்டேன். உண்மையில் வேலை கற்றது இன்பராஜ் சாரிடம்தான்.

சார் கிராமிய நிகழ்ச்சிகளின் பொறுப்பாளர். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் மஞ்சள் மெழுகுப் பென்சில். பதிவைக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டு தலையை இடது பக்கம் சாய்த்துக்கொள்வார். பிடித்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். பிடிக்காவிட்டாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். மேசையில் ஒரு தட்டு தட்டுவார், அவ்வளவுதான். அது எதற்கான தட்டு என்று தெரியாமல் நான் பல நாள் தூக்கம் கெட்டிருக்கிறேன்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு, ப்ளூஸ். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பருத்திக் காட்டிலும் சிறையிலும் ரயில் தண்டவாளத்திலும் நின்று பாடிய துயரப் பாட்டுகள். எங்கிருந்தோ இசைத்தட்டுகள் வரவழைத்து வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டூடியோ காலியாக இருந்தால் போட்டுக் காட்டுவார். ஒரே பாட்டை நாலு பேர் பாடியதை வரிசையாகக் கேட்கச் சொல்வார். ஒருவர் ஊர்ப் பெயரை மாற்றியிருப்பார், இன்னொருவர் இரண்டு வரியை விட்டிருப்பார், மூன்றாமவர் புதிதாக நாலு வரி சேர்த்திருப்பார்.

"இதுல எது ராஜேஸ்வரி ஒரிஜினல்?" என்பார்.

"மொதல்ல பாடினது சார்."

"மொதல்ல பாடினவன் யாருன்னே தெரியாது. ஒருத்தன் விட்ட எடத்துல இன்னொருத்தன் புடிச்சிக்கிறான். பாட்டு யார் வூட்டுச் சொத்தும் இல்ல. கை மாற மாறத்தான் அதுக்கு உசுரு."

இப்படிப் பேசுகிறவரோடுதான் ஒரு தை மாதம் ஜவ்வாது மலைக்குப் போனேன். ஜமுனாமரத்தூர் தாண்டி ஜீப்பில் போய், ஜீப்பும் போகாத இடத்தில் இறங்கி நடந்தோம். ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே உண்ணாமலை என்ற அம்மா நன்றாகப் பாடுவார் என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எழுதியிருந்தார்.

உண்ணாமலை அம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். ஒரே மகன் சேட்டு. காப்பித் தோட்ட வேலைக்கு என்று குடகுப் பக்கம் போனவன் இரண்டு அறுப்பாகத் திரும்பவில்லை. தகவலும் இல்லை. அவன் மனைவி மலருக்கு இருபது வயது கூட இருக்காது. மாமியாரும் மருமகளும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் மைக்கை வைத்தேன். முதலில் ஊர், ஆள், நேரம் சொல்லிப் பதிய வேண்டும். பிறகு யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஓசையை மட்டும் கொஞ்சம் பதிய வேண்டும். பின்னால் டேப்பை வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் அதைத்தான் வைப்போம், இல்லாவிட்டால் காதுக்குப் பள்ளத்தில் விழுந்த மாதிரி இருக்கும். மீட்டர் முள்ளைப் பார்த்தேன், பேட்டரியைப் பார்த்தேன், மறுபடியும் முள்ளைப் பார்த்தேன். சார் மேசை இல்லாததால் தன் தொடையில் ஒரு தட்டு தட்டினார்.

உண்ணாமலை அம்மா பாடினார். அது வழிப்பாட்டு. வேலைக்குப் போனவன் சொன்ன காலத்தில் வரவில்லை என்றால் அந்த வீட்டுப் பெண்கள் பாடுவது. வீட்டில் என்னென்ன தயாராக இருக்கிறது என்று ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொண்டே போகும்.

*சாமை முத்திப் போச்சு ராசா, சோறாக்க ஆளிருக்கு, திங்க ஆளில்லை.*
*பலா பழுத்து விழுந்தாச்சு, வெட்டி வைக்க ஆளிருக்கு, பங்கு கேக்க ஆளில்லை.*
*வெள்ளாடு குட்டி போட்டாச்சு, தூக்கி வளர்க்க ஆளிருக்கு, பேரு வைக்க ஆளில்லை.*

குரலில் அழுகை இல்லை. திட்டுகிற மாதிரி இருந்தது. அதுதான் என்னை ஆட்டியது. எனக்குக் கண் நிறைந்து மீட்டர் முள் தெரியவில்லை, தெரியவில்லையே என்று வேறு பயம். புளியமரத்தைச் சொல்லும் அடி வரை பாடிவிட்டு அந்த அம்மா சட்டென்று நிறுத்தினார். நடுவழியில் பிரேக் போட்ட பஸ் மாதிரி.

"அப்புறம்?" என்றார் சார்.

"அவ்ளோதாங்க."

"முடிவு இல்லையா?"

"கீது. பாடக் கூடாதுங்க."

சார் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஆனால் அடுத்த ஊரில் இன்னொரு பெண் அதே பாட்டைப் பாடினாள். அவள் புருஷன் போன மாதம்தான் கீழிருந்து வந்து சேர்ந்திருந்தான். அவள் கடைசி அடியையும் வாய் நிறையச் சிரிப்போடு பாடினாள். சார் முகம் மலர்ந்துவிட்டது. நிலையத்துக்கு வந்ததும், உண்ணாமலை அம்மா பாட்டோடு அந்த ஒரு அடியை ஒட்டச் சொன்னார்.

ஒட்டுவது என்றால் இன்றைய மாதிரி கம்ப்யூட்டர் எலியைப் பிடித்து இழுப்பது இல்லை. டேப்பைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, மூச்சு எடுக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, மெழுகுப் பென்சிலால் குறி வைத்து, பிளேடால் சாய்வாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் டக்கென்று கேட்கும். பிறகு முதுகுப் பக்கம் வெள்ளை ஒட்டு டேப். இரண்டு பெண்களுக்கும் சுருதி கிட்டத்தட்ட ஒன்று. நான் மலையோசையைக் கொஞ்சம் நடுவில் வைத்து ஒட்டினேன். சார் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "எங்க ஒட்டினே?" என்றார். முதல்முறையாக அவர் வாயைத் திறந்து என் வேலையைப் பற்றிப் பேசியது அதுதான். தலை கால் புரியவில்லை எனக்கு.

ஒலிபரப்பு அன்று மத்தியானம் டியூட்டி அறைக்கு ஒரு போன் வந்தது. என்னைத்தான் கேட்டார்கள். ஜமுனாமரத்தூர் பூத்திலிருந்து மலர். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"அக்கா, எங்க அத்த பாட்டுல கடைசியில கதவடியும் வருதாமே? பக்கத்தூர்க்காரி அவ பாடினது வருதுன்னு சொல்லினு திரியறா. நெசமா?"

"வருதும்மா. ஏன்?"

"ஐயோ, போடாதீங்கக்கா. ஆளு வந்தா அவன உள்ள வுட்டுட்டுக் கதவ சாத்தி அந்த அடியப் பாடுவாங்க. இல்லன்னா, இனிமே வர மாட்டான்னு வூடே முடிவு கட்டினா பாடுவாங்க. அப்புறம் அவன் பேர அந்த வூட்ல யாரும் எடுக்க மாட்டாங்க. எங்கண்ணன் இதுக்குத்தான் காத்துனு கீறான். எனக்கு மாப்ள பாத்து வச்சிட்டான். அத்த பேர சொல்லி ரேடியோல கதவடி வந்துச்சின்னா, ஊருக்கு முன்னால பாடின மாதிரி. நாளைக்கே என்ன வந்து கூட்டினு போயிடுவான்."

"நீ போக மாட்டேன்னு சொல்லேன்."

"அத்த கதவ சாத்தலன்னாதாங்க நான் அப்படி சொல்ல முடியும். எனக்குப் போவ மனசில்லக்கா." அதோடு காசு தீர்ந்து லைன் போய்விட்டது.

டேப் அதற்குள் கையெழுத்தாகி ஒலிபரப்பு அறைக்குப் போய்விட்டது. கையெழுத்தான டேப்பில் நிலைய இயக்குநர் அனுமதி இல்லாமல் ஒரு விரற்கடை கூட வெட்டக் கூடாது. இயக்குநர் ஊரில் இல்லை. நான் சார் அறைக்கு ஓடினேன்.

சார் கேட்டுவிட்டு, நான் நினைத்ததைத்தான் சொன்னார். "ராஜேஸ்வரி, பாட்டு யார் வூட்டுச் சொத்தும் இல்ல."

"பாட்டு இல்ல சார். கதவு அவங்க வூட்டுது சார்."

எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ. அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுவே முதல் தடவை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தலை சாய்ந்தது. மேசையைத் தட்டுவார் என்று காத்திருந்தேன். தட்டவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?"

"இருபது கூட இருக்காது சார்."

"டேப்ப வெட்ட முடியாது. ஃபேடர இறக்கிச் சத்தத்த நிறுத்தலாம். இறக்கினா அப்புறம் என்ன போடறது? வேற மியூசிக் போட்டா அதுவே ஒரு முடிவு மாதிரி ஆயிடும்." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஒட்டு எங்க இருக்குன்னு உனக்குத்தானே தெரியும்?"

சாயங்காலம் ஒலிபரப்பு அறையில் சார் ஃபேடரில் விரலை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் டேப் சுருளின் பக்கத்தில் நின்றேன். நான் ஒட்டிய இடம் காதுக்குத் தெரியாது. அவ்வளவு பெருமையாக ஒட்டிவைத்த பாவம். முதுகில் இருக்கிற வெள்ளை ஒட்டைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். சுருளிலிருந்து அது பிரிந்து வரும்போது நான் கை தூக்க வேண்டும். கண்ணை இமைக்கக் கூடாது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாமை போனது, பலா போனது, ஆட்டுக்குட்டி போனது. புளியமரம் வந்தது. என் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. கண்ணைத் துடைத்தால் அந்த நொடியில் ஒட்டு போய்விடுமோ என்று துடைக்கவில்லை. வெள்ளையாக ஏதோ மின்னியது. கையைத் தூக்கினேன்.

சார் ஃபேடரை இறக்கினார்.

வானொலியில் மௌனத்தைவிடப் பெரிய குற்றம் கிடையாது. நிலையம் செத்துவிட்டது என்று அர்த்தம். டியூட்டி அதிகாரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் விரித்து என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. சார் அசையவில்லை. கதவடி முடிகிற வரை டேப் சத்தமில்லாமல் சுற்றியது. பிறகு அறிவிப்பாளருக்குத் தலையை ஆட்டினார். சாருக்கு மெமோ வந்தது. "பாட்டு அங்கேதான் நிற்கிறது" என்று ஒரே வரியில் பதில் எழுதினார். அந்த அடியைப் பிரித்தெடுத்துத் தனிச் சுருளில் சுற்றி லைப்ரரியில் வைத்தேன்.

மலரின் அண்ணன் டீக்கடை ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தானாம். கதவடி வரவில்லை. மலர் மாமியார் வீட்டிலேயே இருந்தாள்.

ஆனால் அந்த மௌனம் எல்லோரையும் அரித்தது. ரேடியோவிலிருந்து பதிவு செய்து கேட்டவர்களுக்கு, பாதியில் நின்ற பாட்டை முடிக்காமல் இருக்க முடியவில்லை. திருவிழாக்களில் பாடும் ஒரு குழு அதைக் கேசட்டாகப் போட்டது. அதில் மகன் கை நிறைய வளையலோடு வந்துவிடுகிறான். போளூர் பஸ்ஸில் அந்தக் கேசட்டைக் கேட்டபோது அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி வேறு பஸ் பிடித்தேன். பிறகு சினிமாவுக்குப் போனது. அதில் தாய் வயலினுக்கு நடுவே செத்துப்போகிறாள். அப்புறம் ஒரு வெளிநாட்டுக் குழு, முடிவில் வெறும் புல்லாங்குழல். இப்போது கிட்டார் பையன்கள். அவர்கள் முடிவில் தாயே கிளம்பி மகனைத் தேடிப் போகிறாள். நன்றாகவே பாடியிருக்கிறார்கள், பொய் சொல்லக் கூடாது. சார் இருந்திருந்தால் வரிசையாக உட்கார வைத்துக் கேட்கச் சொல்லியிருப்பார்.

ஒவ்வொரு தடவையும் மலையில் பஞ்சாயத்து நடக்கும். இது கதவடியா இல்லையா? அண்ணன் ஆமாம் என்பான். உண்ணாமலை அம்மா, "எவளோ எங்கயோ பாடினா என் வூட்டுக் கதவு சாத்திக்குமா? என் வாயில வரல, அவ்ளோதான்" என்று அடித்துச் சொல்லிவிடுவார். அவர் வாயில் வரவில்லை என்பதுதான் மலருக்கு இருந்த ஒரே பிடி. அண்ணனும் ஒரு கட்டத்தில் ஓய்ந்துபோனான். சில வருஷங்களுக்கு முன் உண்ணாமலை அம்மா இறந்துபோனார். கடைசி வரை அந்த அடியைப் பாடவில்லை. சேட்டு வரவும் இல்லை.

இப்போது திவ்யா அந்த வாயிலேயே அதைப் போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை போளூரில் பஸ் ஏறினேன். திவ்யா அனுப்பிய பதிவு என் போனில் இருந்தது. வழியெல்லாம் அது தானாகப் பாடிவிடுமோ என்று பயந்து போனை அணைத்தே வைத்திருந்தேன். மலருக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"போடுங்கக்கா, கேப்போம்."

"கடைசி அடிக்கு முன்னாடி நிறுத்திடறேன்."

"நிறுத்துங்க."

பாட்டு ஓடியது. மாமியார் குரலைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கி விரிந்தது. புளியமரத்து அடி முடிந்ததும் நான் அழுத்தினேன். நின்றது. இந்தக் காலத்தில் அதற்கு ஒரு விரல் போதும்.

"இதுக்கு மேல அத்த குரல்லயே வருதா?"

"வருது. அச்சு அசலா அவங்களேதான். நீ வேணான்னு சொன்னா போட மாட்டாங்க மலரு. நான் பேசறேன்."

"இவங்க போட மாட்டாங்க. நாளைக்கு வேற எவனாவது பண்ணுவான். நீங்க எத்தினி பேர்கிட்ட போயி நிப்பீங்க?" என்றாள். கொஞ்ச நேரம் சாமையைக் கையால் அளைந்துகொண்டிருந்தாள். "அப்ப நீங்க நிறுத்தினது நல்லதாச்சிக்கா. அப்ப எனக்குப் போவ மனசில்ல. அத்த போனப்பவே நான் பாடியிருக்கணும். வாய் வரல. அவங்க வச்சிருந்தத நானும் வச்சினு இருந்தேன்."

"இப்ப என்ன செய்யலாம்ங்கற?"

"செத்தவங்க வாயில இத திணிக்கணுமா? உசுரோட நான் கீறேன் இல்ல. நான் பாடி முடிச்சிட்டா, அப்புறம் எவன் எப்படிப் பாடினா எனக்கு இன்னா?"

சொல்லிவிட்டு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். சாட்சிக்கு ஆள் வேண்டும் போலிருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் வெளியே வழியோரம் நின்றோம். மலர் நிலைப்படிக்கு உள்ளே நின்று, கீழே இறங்கும் வழியைப் பார்த்தபடி முதலிலிருந்து பாடினாள். மாமியார் மாதிரியே திட்டுகிற குரல். புளியமரம் முடிந்தது. என் கை தானாகத் தூக்கிக்கொள்ளப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன்.

*வழியப் பாத்தது போதும் கண்ணு, வாசல் பாத்தது போதும்.*
*கதவ நான் சாத்தறேன், காத்தே நீ போய்க்கோ.*

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அந்தப் பெண்கள் தங்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் பையும் போனும் உள்ளே. கடைசி பஸ்ஸுக்கு ஜீப் பிடிக்க வேண்டும். தட்டலாமா, தட்டினால் அந்த அடி கெட்டுப்போகுமா, எவ்வளவு நேரம் சாத்தியிருக்க வேண்டும், உள்ளே அவள் ஏதாவது செய்துகொண்டால் என்ன செய்வது? காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை.

தாழ்ப்பாள் விலகியது. மலர் தலையை நீட்டினாள். கண் சிவந்திருந்தது, முகம் தெளிவாக இருந்தது.

"இன்னாக்கா வெளியவே நின்னுனு கீறீங்க? வாங்க உள்ள. சோறு ஆறுது."